தொப்பிக்கு அடியில் ஒன்பது பேர்

டாக்டர் லிசார்தோ இன்ஸ்ஃப்ரானின் உடலைக் காலை ஏழு மணிக்குக் போலீஸ் லாரியில் கொண்டுவந்து அவருடைய பழைய புத்தகக் கடை வாசலில் இறக்கினார்கள். பெட்டியைச் சுற்றிலும் ஈயம் காய்ச்சி ஊற்றி மூடியிருந்தது. திறக்கக் கூடாது. பொழுது சாய்வதற்குள் அடக்கம் செய்துவிட வேண்டும். மாரடைப்பு என்று தட்டச்சு செய்த ஒரு தாளில் என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு லாரி போய்விட்டது.

பதினோரு நாளுக்கு முன்பு அதே வாசலிலிருந்துதான் அவரை நடத்திக் கூட்டிப் போனார்கள். அப்போது அவர் கையில் பாதி கடித்த சீப்பா ரொட்டி இருந்தது. "மீதியை வந்து தின்னுக்கிறேன் டீச்சர், மூடி வை" என்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

எங்கள் அசுன்சியோனில் வக்கீல்களையும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம். ஒருமுறை துறைமுகத்து மூட்டைக்காரன் ஒருவன் வீங்கிய கன்னத்தோடு வந்து வாயைத் திறந்து காட்டிக்கொண்டு நின்றான். "தப்பான டாக்டர்கிட்ட வந்துட்டியேப்பா" என்று சொல்லி, அவனைப் பல் வைத்தியரிடம் கூட்டிப்போய்க் காத்திருந்து திரும்பக் கூட்டி வந்தவர் அவர்.

டாக்டரின் கடை ஒரே அறைதான். வாசல் பக்கம் வக்கீல் மேஜை. அதற்குப் பின்னால் கூரைவரை பழைய புத்தகங்கள். பீஸ் கொடுக்க முடியாத ஒருத்தி கொண்டுவந்த கோழி, ஒரு வருஷம் சிவில் சட்டத் தொகுதிகளுக்கு நடுவில் முட்டையிட்டுக்கொண்டிருந்தது. மாணவர்கள் அலமாரியில் சாய்ந்து நின்றபடியே படிப்பார்கள். "நின்னுக்கிட்டே படிச்சா கால் வலிக்கும். எடுத்துட்டுப் போ. முடிச்சதும் கொண்டா" என்பார்.

நான் பள்ளிக்கூட டீச்சராக இருந்தேன். ஆளுங்கட்சி அட்டை வாங்க மறுத்ததால் வேலை போயிற்று. வீட்டுக்காரன் என் தட்டுமுட்டுகளைத் தெருவில் எறிந்தபோது டாக்டர்தான் வழக்குப் போட்டு என்னை மறுபடி உள்ளே குடிவைத்தார். தீர்ப்பு வந்த அன்று, "ஜெயிச்சாச்சு. இனி சாப்பாட்டுக்கு என்ன பண்ணப் போறே? எனக்கு டைப் அடிக்க ஆள் வேணும். கோழியைப் பார்த்துக்கவும் ஆள் வேணும்" என்றார். ஒன்பது வருஷம் அங்கே இருந்தேன்.

கடைக்குப் பின்னால் சின்னதாக ஓர் இருட்டறை. அதிலிருந்த புத்தகங்கள் விற்பனைக்கு இல்லை. நிலம் யாருடையது, கூலி எவ்வளவு, நாட்டை ஆளும் ஜெனரலின் ஜெயில்களில் என்ன நடக்கிறது என்று பேசும் புத்தகங்கள். ஒன்று கையில் இருந்தாலே உள்ளே தள்ளிவிடுவார்கள். அதையும் அவர் இரவல் கொடுத்தார். யாருக்கு என்று எனக்குக்கூடச் சொன்னதில்லை.

"ஒரு குறிப்பாவது எழுதி வைக்கலாமே டாக்டர்? யார்கிட்ட எது இருக்குன்னு எப்படி ஞாபகம் இருக்கும்?"

"நான் வக்கீல், டீச்சர். எழுதினது எல்லாம் ஒருநாள் கோர்ட்டுக்கு வந்து நிக்கும். தலைக்குள்ள இருக்கிறது வராது."

அந்தத் தலைக்குள் இருந்த பட்டியலுக்காகத்தான் அவரைப் பிடித்தார்கள். பதினோரு நாள் கேட்டார்கள். அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தப் பதினோரு நாளில் யாராவது பிடிபட்டிருப்பார்கள். யாரும் பிடிபடவில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியும். இருந்தும் அன்று காலை நான் அந்தத் தவறைச் செய்தேன்.

ஈமச்சடங்குக் கடைக்காரர்கள் எப்போதும் போல நான்கு மெழுகுவர்த்தித் தண்டுகள், ஒரு சிலுவை, வாசலுக்குத் துணி விரித்த ஒரு சின்ன மேஜை, அதன்மேல் கறுப்பு அட்டை போட்ட கையெழுத்துப் புத்தகம், ஒரு பேனா என்று கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். எங்கள் ஊரில் துக்க வீட்டுக்கு வந்த எழுதத் தெரிந்தவர்கள் அந்தப் புத்தகத்தில் கையெழுத்துப் போடாமல் உள்ளே போகமாட்டார்கள். போனால் செத்தவரை அவமதித்தது போல. கை தானாகப் பேனாவுக்குப் போகும். நானும் முதல் ஆளாகப் போட்டேன். எதையும் யோசிக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு மேல் வெயில் கொளுத்தியது. மதியத் தூக்க நேரம். அந்த நேரத்தில் எங்கள் ஊரில் நாய்கூட வெளியே வராது. கூட்டம் கரைந்தது. செபம் சொல்ல வந்த, எழுதத் தெரியாத சில கிழவிகள்தான் மீதி. தெருவில் ஒரே ஒரு சத்தம்தான். எதிர் நிழலில் மூலிகை விற்கும் கசில்தா உரலில் இடிக்கும் சத்தம். அவள் இடித்த மூலிகையைக் குளிர்ந்த நீரில் போட்டுத்தான் இந்தத் தெருவே தெரரே குடிக்கும்.

திடீரென்று உரல் சத்தம் நின்றது.

கசில்தா புதினாக் கட்டு ஒன்றைக் கையில் பிடித்தபடி விறுவிறுவென்று உள்ளே வந்தாள். அவளுக்கு எப்போதும் பெரிய குரல். அன்று உதடு மட்டும்தான் அசைந்தது.

"அடியே எவாரிஸ்தா, உனக்குப் புத்தி இருக்கா? அந்தப் புத்தகத்தை யார் வைக்கச் சொன்னது?"

"எந்தப் புத்தகம்?"

"வாசல்ல இருக்கே, அது! போன வருஷம் அந்தக் காலேஜ் பையன் செத்தப்ப என்ன ஆச்சு? அடக்கம் முடிஞ்ச கையோட கையெழுத்துப் புத்தகத்தை எடுத்துட்டுப் போனானுங்க. ஒரே மாசத்துல ஏழு பேரு காணாமப் போனாங்க. உள்ள பேரு இருந்தவங்கதான்."

மேஜைக்குப் போய்ப் புத்தகத்தைத் திறந்தேன்.

தாளின் வலப்பக்கத்தில் மட்டும்தான் எழுதுவார்கள். பக்கத்துக்கு ஐந்து கோடு. முதல் தாளில் நான், வில்லாரிக்காவிலிருந்து வந்த டாக்டரின் தங்கை, பால்காரர், ஈமச்சடங்குக் கடைக்காரர், எழுதத் தெரியாத கசில்தா போட்ட சிலுவை. அதில் பயமில்லை.

இரண்டாவது தாளில் ஐந்து பேர். மூன்றாவதில் நான்கு பேர். வெறும் பெயரோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. நன்றி எழுதியிருந்தார்கள்! 'என் கண்ணைத் திறந்துவிட்டவருக்கு' என்று ஒருவர். கௌதென்சியோ என்ற கணக்கு வாத்தியார் இன்னும் ஒருபடி மேலே போய், 'உங்கள் புத்தகம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது' என்று எழுதி, அதற்குக் கீழே முழுப்பெயரும் போட்டிருந்தார். பதினோரு நாள் வாயைத் திறக்காத மனிதரின் பிணத்துக்குப் பக்கத்தில், அவர் மறைத்த பெயர்களை அவர்களே வரிசையாக எழுதிவைத்துவிட்டு, மரியாதை செய்த திருப்தியோடு தூங்கப் போய்விட்டார்கள்.

அதற்குமேல் நான் படிக்கவில்லை. படித்தால் என் தலையும் ஒரு பட்டியலாகிவிடும்.

"எடுத்து ஒளிச்சு வைடி" என்றாள் கசில்தா.

வாசலைப் பார்த்தேன். வெயிலில் ஒருவன் தெருவைக் கடந்து வந்துகொண்டிருந்தான். இஸ்திரி போட்ட சட்டை. பளபளக்கும் ஷூ. ஆனால் காலடிச் சத்தமே கேட்கவில்லை. இப்படிப்பட்ட ஒற்றர்களை எங்கள் குவாரனி மொழியில் ரோமக்காலன் என்போம். பாதத்தில் ரோமம் முளைத்தவன் போலச் சத்தமில்லாமல் நடப்பவன்.

புத்தகத்தை மூடினேன். அவ்வளவுதான் முடிந்தது.

அவன் உள்ளே வந்தான். சவப்பெட்டியை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தான். தொப்பியைக் கழற்றி நேராக அந்தப் புத்தகத்தின் மேல் வைத்தான். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"இது இங்கேயே இருக்கட்டும். யாரும் தொட வேண்டாம். இன்ஸ்பெக்டர் ஓவேலார் மூணு மணிக்கு வர்றாரு. தூங்கி எழுந்து வர்றாரு" என்றான்.

மணி இரண்டு அடிக்க ஐந்து நிமிஷம்.

ஒன்பது பேர் அந்தத் தொப்பிக்கு அடியில் இருந்தார்கள். புத்தகத்தையே எடுத்தால் என்னைப் பிடிப்பார்கள், பிறகு தெரு முழுக்கப் பிடிப்பார்கள். தாளைக் கிழித்தால் அவன் காது மூன்றடி தூரத்தில் இருக்கிறது.

அப்போது டாக்டரின் குரல் ஞாபகம் வந்தது. 'கத்தி சத்தம் போடும் டீச்சர். எச்சில் சத்தம் போடாது.'

ஒருமுறை எங்கள் பழைய புத்தகங்களிலிருந்து வரைபடங்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. எப்படித் திருடுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. டாக்டர் ஒரு பழைய பஞ்சாங்கத்தை எடுத்தார். பருத்திக் கயிறு ஒன்றை வாயில் போட்டு நன்றாக நனைத்தார். இரண்டு தாள்களுக்கு நடுவே, தையலோரப் பள்ளத்தில் அதை நீளமாக வைத்துப் புத்தகத்தை மூடினார். அரைமணி நேரம் தெரரே குடித்தோம். பிறகு திறந்து இழுத்தார். இரண்டு பக்கத்துத் தாளும் வெண்ணெயில் கத்தி இறங்குவது போலக் கழன்று வந்தன. திருடனைப் பிடிக்கத் தெரிய வேண்டுமானால் திருடத் தெரிய வேண்டும் என்று சொல்லிச் சிரித்தார்.

கசில்தாவின் கையிலிருந்த புதினாக் கட்டைப் பார்த்தேன். அதைக் கட்டியிருந்தது பருத்திக் கயிறு.

"கசில்தா, செபமாலை சொல்லலாமே? டாக்டர் ஆத்மாவுக்கு" என்றேன் சத்தமாக. புதினாக் கட்டை வாங்கி வைப்பது போல வாங்கிக் கயிற்றை உருவினேன். பிறகு அவள் காதோரம், "மெதுவாச் சொல்லு. ரொம்ப மெதுவா" என்றேன்.

அவளுக்கு விஷயம் புரியவில்லை. ஆனால் என் முகம் புரிந்தது. செபமாலையைக் குதிரைப் பந்தயம் போல ஓட்டுபவள் அவள். பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டு வியாபாரத்துக்குப் போகிறவள். அன்று பெட்டிக்கு முன்னால் முழந்தாளிட்டு, ஒவ்வொரு சொல்லையும் கல்யாணப் பெண்ணை மணவறைக்கு அழைத்துப் போவது போல இழுத்தாள்.

மீதியிருந்த பத்துப் பன்னிரண்டு கிழவிகளும் முழந்தாளிட்டார்கள். ரோமக்காலன் ஒரு நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தான். ஒரு கிழவி திரும்பி அவனை முறைத்தாள்.

"உன்னைப் பெத்தவ உனக்கு முட்டி போடக் கத்துக் குடுக்கலையா?"

எங்கள் ஊரில் ஒற்றனானாலும் செபமாலைக்கு உட்கார்ந்திருக்க முடியாது. கைக்குட்டையை விரித்து, அதன்மேல் முழங்காலை வைத்து, பெட்டியைப் பார்த்து முழந்தாளிட்டான். முதுகு என் பக்கம்.

மேஜைக்குப் பக்கத்தில் நானும் முழந்தாளிட்டேன். கயிறு வாயில் இருந்தது. பயத்தில் நாக்கு வறண்டு எச்சில் ஊறவே இல்லை. பல்லால் மென்றேன். புதினா நெடி மூக்கில் ஏறியது. மெல்ல மெல்ல நனைந்தது.

தொப்பியைத் தூக்கினேன். புத்தகத்தைத் திறந்தேன். இரண்டாவது தாளுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே கயிற்றை வைத்து விரலால் அழுத்தினேன். மூடினேன். தொப்பியை வைக்கப் போனேன்.

அவன் திரும்பினான்.

தொப்பி என் கையில் இருந்தது. செபம் ஒரு கணம் தடுமாறி மறுபடி நடந்தது. தொப்பியால் மெழுகுவர்த்திப் பக்கம் லேசாக விசிறி, காற்றில் விழப் பார்த்தது என்று சைகை காட்டி, இரண்டு கையாலும் பயபக்தியோடு திரும்ப வைத்தேன். அவன் தொப்பியையும் என்னையும் பார்த்தான். பிறகு தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

அடுத்த அரைமணி நேரத்தை நான் எந்த எதிரிக்கும் கொடுக்கமாட்டேன். செபமாலை ஒவ்வொரு மணியாக உருண்டது. தெருவில் எங்கோ ஒரு மோட்டார் உறுமி நின்றது. அவர்களாக இருக்குமோ? இல்லை, ஐஸ் வண்டி. மறுபடி அமைதி. செபமாலையின் கடைசிப் பகுதியான ஐந்தாவது பத்து முடிந்து, மாதாவின் பிரார்த்தனை மாலை தொடங்கியது. கசில்தா மாதாவின் ஒவ்வொரு பெயராகச் சொல்ல, கிழவிகள் எல்லோரும் சேர்ந்து, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று முழங்கினார்கள்.

அந்த முழக்கத்துக்காகத்தான் காத்திருந்தேன். தொப்பியோடு புத்தகத்தை மேஜைத் துணிக்குக் கீழே மடிக்கு இறக்கினேன். "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்." இரண்டாவது தாளை இழுத்தேன். வந்தது. "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்." மூன்றாவது பாதியில் சிக்கியது. அடுத்த முழக்கம் வரும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். வந்ததும் இழுத்தேன். கழன்றது. கயிற்றை எங்கே போடுவது? வாயில் போட்டுக் கன்னத்தில் ஒதுக்கினேன். தாள்களை மடித்துப் புதினா இலைகளுக்குள் செருகினேன். புத்தகமும் தொப்பியும் மேஜைக்குப் போயின.

ஆமென் சொல்லி எழுந்ததும் புதினாவைக் கசில்தாவிடம் நீட்டினேன். வாங்கியவளின் விரல் உள்ளே இருந்த தாளைத் தொட்டது. கண் மட்டும் ஒருமுறை பெரிதாயிற்று. வெளியே போனாள். உரல் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அவ்வளவு வேகமாக அவள் இடித்து நான் கேட்டதே இல்லை.

மூன்று மணிக்கு ஜீப் வந்தது.

இன்ஸ்பெக்டர் ஓவேலார் தூக்கக் கண்களோடு இறங்கினார். கன்னத்தில் தலையணை மடிப்பு இன்னும் இருந்தது. தொப்பியை ஒரு விரலால் தள்ளிவிட்டுப் புத்தகத்தைத் திறந்தார். ஒரு பக்கம் படித்தார். அடுத்த பக்கம் வெள்ளை. அதற்கடுத்ததும் வெள்ளை.

"அஞ்சே பேரா? ஊருக்கே இலவசமாக் கேஸ் நடத்தினவன். அஞ்சு பேருதான் வந்தாங்களா அம்மணி?"

கன்னத்தில் கயிறு. நாக்கைக் கவனமாகப் புரட்டினேன். "பயம் சார்."

"என்ன?"

"எல்லாருக்கும் பயம். வந்தாங்க, போனாங்க. பேனாவைத் தொடலை."

அவர் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு பரவியது. தன் சமையலை யாரோ பாராட்டியது போலச் சந்தோஷப்பட்டார். பிறகு ஒற்றனைப் பார்த்தார்.

"உண்மையா?"

"நான் வந்ததுல இருந்து ஒருத்தரும் தொடலைங்க. என் தொப்பி மேலயேதான் இருந்துச்சு."

ஓவேலார் புத்தகத்தை மூடப் போனவர் நின்றார். விரலைத் தையலோரப் பள்ளத்தில் வைத்துத் தேய்த்தார். "ஏன் ஈரமா இருக்கு?"

கயிறு கன்னத்திலிருந்து நழுவி உதட்டருகே வந்திருந்தது. வாயைத் திறந்தால் கயிறு விழுந்துவிடும்.

"அது என் கை ஐயா!" கசில்தா தெரரே நிறைத்த மாட்டுக்கொம்புக் குவளையும் குளிர்நீர்ச் சாடியுமாக வாசலில் நின்றாள். "எழுதத் தெரியாதவ, சிலுவை கிறுக்கிட்டுப் போனேன். நாள் முழுக்க உரல்ல கிடக்கிற கை, என்னைக்கு ஐயா காய்ஞ்சிருக்கு? மோந்து பாருங்க."

அவர் விரலை மூக்கருகே கொண்டுபோனார். புதினா வாசனை.

"அழுக்குப் பிடிச்சவளே" என்று சொல்லி விரலைச் சட்டையில் துடைத்தார். அவள் நீட்டிய கொம்பை வாங்கி உறிஞ்சினார். முகம் சுளித்தார். "என்ன இவ்வளவு கசப்பு? என்ன போட்டிருக்கே?"

"கல்லீரலுக்கு நல்லது ஐயா. ஒன்பது சரக்கு."

கொம்பு காலியாகும்வரை குடித்தார். அவர் குடித்தது எந்த ஒன்பது என்று எனக்கு அப்போது உறைக்கக்கூட இல்லை.

அவர் புத்தகத்தைக் கக்கத்தில் செருகப் போனபோதுதான் இன்னொரு பயம் வந்தது. ஐந்து பெயருக்குப் பிறகு அத்தனை வெள்ளைத் தாள்கள். யார் பெயரை வேண்டுமானாலும் இவர்களே எழுதிக்கொள்ளலாம். எழுதி முடித்த எந்தத் தாளிலும் டாக்டர் வெள்ளை இடம் விட்டதில்லை. கடைசி வரியிலிருந்து அடிவரை சாய்வாக ஒரு கோடு இழுத்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பேனாவை மூடுவார்.

"ஒரு நிமிஷம் சார்." புத்தகத்தை அவர் கக்கத்திலிருந்து நானே எடுத்தேன் என்பதை இன்றும் என்னால் நம்ப முடியவில்லை. கசில்தாவின் சிலுவைக்குக் கீழே, 'ஐந்து பேர். இத்துடன் முடிந்தது' என்று எழுதி, அடிவரை கோடு இழுத்து, கையெழுத்தும் மணியும் போட்டேன்.

ஓவேலார் புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். சவப்பெட்டியைப் புத்தகத்தால் ஒரு தட்டுத் தட்டினார்.

"சட்டம் இதோ, ஈயம் ஊத்தின பெட்டிக்குள்ள கிடக்கு. உனக்கு இன்னும் கோடு போட ஆசையா இருக்கா? சரி. மத்த நாலு பேரும் வேணாம். நீ நாளைக்கு ஒன்பது மணிக்கு ஆபீசுக்கு வா."

போனேன். அடுத்த நாளும், அந்த மாதம் இன்னும் மூன்று முறையும் போனேன். அங்கே என்ன நடந்தது என்று எழுதப் போவதில்லை. பெயர்களைக் கேட்டார்கள். எனக்குத் தெரிந்தது கௌதென்சியோ வாத்தியார் ஒருவரைத்தான். அவரையும் சொல்லவில்லை. ஒன்பது பேரில் யாரையும் யாரும் பிடிக்கவில்லை.

அன்று மாலை டாக்டரைப் புதைத்துவிட்டு, கல்லறை வாசலில் டிராம் வண்டிக்காக நின்றோம். கசில்தா ஏதோ கேட்டாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். மறுபடி கேட்டாள். மறுபடி தலையை ஆட்டினேன்.

"என்னடி, பேசமாட்டேங்கிறே? வாயைத் திற."

திறக்க வரவில்லை. இரண்டு தாடையும் பூட்டிக்கொண்டிருந்தன. அவள் என் கன்னங்களை இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தித் தேய்த்தாள். பல் சற்று விலகியதும் விரலை விட்டு அந்தக் கயிற்றை வெளியே இழுத்தாள். ஒரு முழம் இருந்தது. கடித்துக் கடித்து நூல் நூலாகப் பிரிந்திருந்தது. நுனியில் காகிதத் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. அதில் நீல மையில் யாருடைய பெயரிலிருந்தோ ஓர் எழுத்து.

கசில்தா அதைக் கிள்ளி எடுத்துத் தன் வாயில் போட்டு விழுங்கினாள்.